மணலில் வடிந்த சாறு

பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவை. அதில் இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசித்துண்டு. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவின் ஆழமில்லாத நீரில் இதைக் கட்டிவிட்டு 45 நாள் கழித்து இழுத்துவந்தால், நல்ல பருவத்தில் 260 கிலோ வரை தேறும். அதில் 60 கிலோ மறு நடவுக்குப் போக, மீதி 200 கிலோவைக் கரையில் காயப்போடுவார்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் அது 20 கிலோ ஆகிவிடும். வியாபாரி எடைபோட்டுப் பணம் கொடுப்பது அந்த 20 கிலோவுக்கு மட்டும்தான்.

மற்ற 180 கிலோவும் மணலில் வடிந்தது, காற்றில் போனது. பல ஆண்டுகள் அதை யாரும் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை. இன்று அதே நீர் புட்டியில் அடைபட்டு உரக்கடை அலமாரிக்கு வருகிறது. விவசாயி அதை 'டானிக்' என்று கேட்டு வாங்கி, தெளிப்பான் டேங்கில் ஊற்றி, நெல்லுக்கும் உளுந்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கிறார். அந்தச் சாறு எங்கே கிளம்பி எப்படி இங்கே வந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சாற்றுக்கு முன்னால் பாசியின் கதை. நம் கரையில் இயல்பாக வளரும் பாசிகளில் இது ஒன்றல்ல. கப்பாபைகஸ் அல்வரேசி என்ற இந்தச் செம்பாசியின் சொந்த இடம் தென்கிழக்காசியக் கடல். பிலிப்பைன்ஸின் தென்கோடியில் உள்ள சுலு தீவுகளில் பவளத்திட்டுகளின் ஓரத்தில் அது தானாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் காயவைத்துக் காரத்தில் வேகவைத்தால் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கும். ஐஸ்கிரீம் உருகி ஓடாமலும், பற்பசை நீர்விட்டுப் பிரியாமலும் இருப்பதற்கு அதைச் சேர்ப்பார்கள். 1960களில் அதற்கான தேவை ஏறியது. தீவு மக்கள் காட்டுப்பாசியைப் பறித்துப் பறித்து விற்றதில் கடல் காலியாகத் தொடங்கியது.

அப்போதுதான் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் மேக்ஸ்வெல் டோட்டி, மரைன் கொலாய்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் துணையோடு, இதைப் பயிராக்க முடியுமா என்று பார்க்க வந்தார். விதை வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு துண்டை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் அது தளிர்க்கும் என்று கண்டார்கள். சுலுவில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் விசென்டே அல்வரேஸ். வேகமாக வளரும் செடியொன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். 1985இல் டோட்டி அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது அல்வரேஸின் பெயரையே வைத்தார். உலகம் முழுக்க இன்று கயிற்றில் தொங்கும் கப்பாபைகஸில் பெரும்பகுதி, இப்படித் தேர்ந்தெடுத்த சில செடிகளை ஒடித்து ஒடித்துப் பெருக்கியதுதான். பூத்துக் காய்த்து விதைவிட்டுப் பெருகிய பரம்பரை இல்லை. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு அது வந்தது 1980களின் நடுப்பகுதியில், ஜப்பான் வழியாக. கொண்டுவந்தது, குஜராத்தின் பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம். சவுராஷ்டிரக் கரையின் ஓகாவில் வைத்துப் பழக்கினார்கள். 1990களின் நடுவில் அந்த நிறுவனத்தின் மண்டபம் நிலையத்துக்குப் பாசி வந்து சேர்ந்தது. சுலுவைப் போன்ற வெதுவெதுப்பான, தெளிந்த, அலை அடங்கிய நீர் பாக் விரிகுடாவில் இருந்தது. பாசி ஒட்டிக்கொண்டது.

மண்டபம் பக்கம் பாசி புதிதில்லை. ராமநாதபுரம் கரையின் மீனவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறித்து இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். பாறை கையைக் கிழிக்கும், நீரோட்டம் இழுக்கும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபின் வனத்துறையோடு இழுபறி வேறு. கடலைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததில்லை. எந்த மாதத்தில் எந்தப் பாசி முற்றும், எதை வேரோடு பிடுங்கக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும்.

2000த்தை ஒட்டி பெப்சிகோ நிறுவனம் மண்டபத்தின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு கப்பாபைகஸ் வளர்க்கத் தொடங்கியது. மூழ்க வேண்டிய தொழில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செய்யும் தொழிலாக மாறியது. ஓலைப்பந்தலின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து கயிற்றில் பாசித்துண்டுகளை முடிச்சுப் போடுவார்கள். மிதவையின் அடியில் மீன் கடிக்காமல் இருக்க வலை கட்டுவார்கள். நங்கூரக் கல்லைப் பார்த்துப் போடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் வடகடல் சீறும்போது மிதவைகள் உடைந்து போகும். அந்த மாதங்களில் வருமானம் இல்லை. ஆனால் மற்ற மாதங்களில் 45 நாளுக்கு ஒருமுறை கையில் காசு. 2008இல் அந்தத் தொழிலை அக்வாக்ரி என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. கரையில் பலருக்கு அது இன்னும் 'பெப்சி பாசி'தான்.

சாறு கதைக்குள் வரும் இடம் இதுதான். பாவ்நகர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கே. ஈஸ்வரன், புஷ்பிதோ கோஷ், ஏ.கே. சித்தாந்தா உள்ளிட்ட குழுவினர் அந்த 180 கிலோவைப் பார்த்தார்கள். உலரவைப்பதற்கு முன்பே, பறித்த ஈரத்தோடு பாசியை அரைத்துப் பிழிந்தால் என்ன ஆகும்? சாறு தனியாக வந்தது. எஞ்சிய சக்கையிலும் கராஜீனன் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் உப்பு கழுவப்பட்டுக் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. ஆக, கராஜீனன் தொழிலுக்கு எந்த நட்டமும் இல்லாமல் இன்னொரு பொருள் பிறந்தது. ஈரப்பாசியிலிருந்து கராஜீனனையும் திரவ உரத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும் இந்த முறைக்கு 2005 மே மாதம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 6,893,479.

கடற்பாசிச் சாற்றைப் பயிருக்கு அடிப்பது அதற்கு முன்பும் உண்டு. கரைவாசிகள் அலை ஒதுக்கிய பாசியை நம்மூரில் தென்னைக்கும் ஐரோப்பாவில் வயலுக்கும் போடுவது பழைய வழக்கம். இங்கிலாந்தில் ரெஜினால்ட் மில்டன் என்பவர் 1940களின் இறுதியில் வட அட்லாண்டிக்கின் பழுப்புப் பாசியைக் காரம் சேர்த்து, அழுத்தத்தில் வேகவைத்துத் திரவமாக்கினார். உலகச் சந்தையில் இன்று விற்கும் பாசித்திரவங்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. மண்டபத்தின் சாறு அதிலிருந்து வேறுபட்டது. இங்கே வேகவைப்பது இல்லை, காரம் இல்லை. பச்சையாக அரைத்துப் பிழிந்ததால், சூட்டில் சிதையக்கூடிய பொருள்களும் சாற்றில் தங்கின. என்னைக் கேட்டால், நம் ஆய்வுக்கூடங்கள் விவசாயத்துக்குக் கொடுத்த நல்ல யோசனைகளில் இது ஒன்று. எதையும் புதிதாக உண்டாக்காமல், கண்முன் வீணானதை எடுத்துக் காட்டியது.

பிழிந்தபின் பயணம் அவசரமாகிறது. ஈரப்பாசி ஒருநாளைத் தாண்டினால் அழுகத் தொடங்கும். கரையிலேயே அரைக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆலைக்குப் போய்ச்சேர வேண்டும். ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரைக்கு வருகிறது ஒரு வழி. அங்கே வடிகட்டி, கெடாமல் இருக்கச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, செறிவூட்டிப் புட்டியில் அடைக்கிறார்கள். இஃப்கோ கூட்டுறவு அமைப்பு 'சாகரிகா' என்ற பெயரில் கடற்பாசித் திரவத்தை நாடெங்கும் விற்கத் தொடங்கியபின், பாக் விரிகுடாவின் சாறு பஞ்சாபின் கோதுமை வரைக்கும் போயிற்று.

புட்டிக்குள் இருப்பது என்ன? 2010இல் பாவ்நகர் குழு நிறைநிரல்மானியில் வைத்துப் பார்த்தபோது, பயிர் தானே தன்னுள் சுரக்கும் இயக்கிகள் அதில் அகப்பட்டன. வேர் ஓடுவதற்குத் துணைபோகும் இண்டோல் அசிட்டிக் அமிலம், தண்டை நீட்டும் ஜிப்பரலின், செல்களைப் பிளக்கவைத்து இலை மூப்படைவதைத் தள்ளிப்போடும் சியாட்டின், கைனட்டின். வறட்சியில் செல் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும் கிளைசின் பீட்டைனும் கோலினும் இருப்பதைப் பின்னர் கண்டார்கள். இவற்றோடு சாம்பல் சத்து நிறைய. இந்தப் பாசி பொட்டாசியத்தைக் கடலிலிருந்து இழுத்துச் சேர்ப்பதில் கெட்டிக்காரப் பாசி. நுண்ணூட்டங்கள் கொஞ்சம்.

அந்தக் குழு செய்த ஒரு சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். சாற்றில் எது என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதிலிருந்து ஜிப்பரலினை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மக்காச்சோளத்துக்கு அடித்துப் பார்த்தார்கள். தானிய விளைச்சல் குறையவில்லை. தட்டை மட்டும் கூடுதலாக வந்தது. மாட்டுத் தீவனத்துக்குத் தட்டையும் வேண்டும் என்ற விவசாயிக்கு இது பயனுள்ள செய்தி. 'இயற்கைச் சாறு, எல்லாவற்றுக்கும் நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் கேள்வி கேட்ட இந்தப் பொறுமைதான் இந்தச் சாற்றுக்குக் கிடைத்த உண்மையான மரியாதை.

இனி வயல். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை தணிந்த பிறகோ தெளிப்பார்கள். இலைத்துளைகள் வழியாகவும், மேல்தோலின் மெழுகுப் படலத்தில் உள்ள நுண்ணிய வழிகளிலும் சாறு உள்ளே போகிறது. போனபின் அது செய்யும் வேலை சத்து ஊட்டுவது இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் என்றால் 75 முதல் 100 கிலோ. ஒரு புட்டிச் சாற்றில் இருக்கும் சத்து இந்தக் கணக்கில் தூசுக்குச் சமம். விருந்தில் இது சோறு இல்லை, பசியைக் கிளப்பும் இஞ்சிச் சாறு. வேர் கூடுதலாக ஓடுகிறது, பக்கவேர் பிடிக்கிறது. இலை பச்சை விடாமல் இன்னும் சில நாள் நின்று மாவுப்பொருளை ஆக்கிக் கீழே அனுப்புகிறது. அந்த உணவைக் கொண்டு வேர் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் தழை, மணி, சாம்பல் சத்துகளை அதிகமாகத் தேடி எடுக்கிறது. உரமாகப் போட்டதில் எவ்வளவு பயிருக்குள் போகிறது, எவ்வளவு கசிந்தும் ஆவியாகியும் வீணாகிறது என்பதில்தான் இதன் பங்கு.

இதைக் காட்டிய ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, வடகிழக்கு இந்தியாவில் மானாவாரிச் சோயா மொச்சையில் நடந்து 2009இல் வெளியானது. பாசிச்சாற்றை வெவ்வேறு அளவில் நீரில் கலந்து இலைவழி தெளித்தார்கள். 15 சதவீதக் கலவை தெளித்த பாத்தியில், வெறும் நீர் தெளித்ததைவிட 57 சதவீதம் கூடுதல் விளைச்சல். தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகத்தையும் பயிர் அதிகம் எடுத்திருந்தது. இந்த 57ஐப் பல விளம்பரத் தாள்களில் தூக்கிப்போட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அது மழையை நம்பிய நிலத்தில், ஒரு பயிரில், பாசியிலிருந்து நேராகப் பிழிந்த சாற்றை அவ்வளவு தாராளமாகத் தெளித்தபோது வந்த எண். தண்ணீர் நிற்கும் தஞ்சாவூர் நெல்வயலில், சிபாரிசு அளவு உரம் வாங்கிய பயிரில், லிட்டருக்குச் சில மில்லி ஊற்றினால் அதே எண் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேற்கு வங்கத்து வேளாண் பல்கலைக்கழகச் சோதனைகளில் பச்சைப்பயறிலும் நெல்லிலும் நல்ல பலன் வந்தது, முழு அளவு உரத்தோடு சாற்றையும் சேர்த்துக் கொடுத்த பாத்திகளில்தான். யூரியாவை நிறுத்திவிட்டு இதை அடிக்கலாம் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

எங்கே நம்பலாம்? பயிர் திணறும் இடங்களில். ஈரம் குறைந்த மண்ணில் மக்காச்சோளத்தை வளர்த்துப் பார்த்த சோதனைகளில், சாறு தெளித்த பயிர் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது. தூர் கட்டும்போதும் பூப்பதற்கு முன்பும் தெளித்தால் பலன் தெரிகிறது. முற்றிய பயிருக்கு அடித்தால் தெரிவதில்லை. ராமநாதபுரத்தின் மானாவாரி மிளகாய்க்கும், விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலின் உளுந்துக்கும் இது பொருத்தமான துணை என்பது என் கருத்து. அந்த நிலங்களுக்கு ஒரு வாரத் தாக்குப்பிடிப்பு என்பது ஒரு போகத்தின் தலையெழுத்து.

ஆனால் கடை அலமாரியில் இந்தப் புட்டி தனியாக நிற்கவில்லை. அதன் இருபுறமும் பளபளக்கும் நூறு புட்டிகள். அமினோ, ஹியூமிக், மூலிகைச் சாறு, கடற்பாசி என்று எழுதியிருக்கும்; உள்ளே என்ன என்பது ஒட்டியவருக்கே வெளிச்சம். இவை உரச் சட்டத்திலும் வரவில்லை, பூச்சிக்கொல்லிச் சட்டத்திலும் வரவில்லை. அந்த இடைவெளியில் பல ஆண்டுகள் வியாபாரம் நடந்தது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி இவற்றை உள்ளே கொண்டுவந்தது. பல இடங்களில் வயல்சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, கன உலோக அளவு, பூச்சிமருந்து கலந்திருக்கக் கூடாது என்ற வரம்பு எல்லாம் வந்தன. தற்காலிகச் சான்றை நீட்டி நீட்டி விற்கும் காலம் 2025 ஜூனில் முடிந்தது. முன்பு சுமார் 30,000 பொருள்கள் கேள்வியில்லாமல் விற்றன, கண்டிப்புக்குப்பின் அது 650 அளவுக்கு வந்திருக்கிறது என்று மத்திய வேளாண் அமைச்சர் அந்த ஆண்டு ஜூலையில் சொன்னார். முப்பதாயிரத்துக்கும் அறுநூற்றைம்பதுக்கும் இடையில் கரைந்துபோனது சிறு விவசாயியின் காசு. அந்தக் கூட்டத்தில் நல்ல சாறும் சேர்ந்தே கெட்ட பெயர் வாங்கியது.

உரக்கடைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பதிந்த பொருளா, எந்தப் பயிருக்கு எந்த அளவு என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு வாங்க வேண்டும். வாங்கியபின் வயல் முழுக்க ஒரே நாளில் அடித்துவிடாமல், நடுவில் நாலு பாத்தியை வெறும் தண்ணீர் தெளித்து விட்டுவைக்க வேண்டும். அறுவடையில் அந்த நாலு பாத்தி சொல்லும் கணக்கைவிட நம்பகமான விளம்பரம் கிடையாது.

வயலில் இப்படிப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தபோது, பிறந்த இடத்தில் பாசிக்கு இரண்டு சிக்கல் வந்தன.

ஒன்று, அது தங்கவேண்டிய கயிற்றில் தங்கவில்லை. வெளிநாட்டுப் பாசி தீவுகளுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் தமிழக அரசு 2005 டிசம்பரில் ஓர் ஆணை போட்டது. பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம். இடையில் தேசியப் பூங்கா இருக்கும் மன்னார் வளைகுடாவில் கூடாது. ஆனால் அலைக்கு ஆணை தெரியாது. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மீது கப்பாபைகஸ் படர்ந்து மூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். மேலே பாசி பாய்போல விரிந்தால் அது செத்துவிடும். பரவல் சிறிய பரப்பில்தான், கையால் அகற்றிவிடலாம் என்று வளர்ப்பை ஆதரித்தவர்கள் வாதிட்டார்கள். அகற்றவும் அகற்றினார்கள். விட்ட ஒரு துணுக்கிலிருந்து மீண்டும் தளிர்த்தது. ஒடித்தால் தளிர்க்கும் குணம்தானே அதைப் பயிராக்கியது. ஹவாயில் டோட்டியே 1974இல் கனியோஹே விரிகுடாவில் வளர்த்துப்பார்த்த பாசிகள் பின்னாளில் அங்கே பவளத்தின்மேல் பரவி, அவற்றை உறிஞ்சி எடுக்கப் படகில் இயந்திரம் வைத்துப் போராட நேர்ந்தது. அந்த அனுபவம் நமக்கு முன்பே இருந்தது. வயலில் ஒரு மூட்டை கூடுதலாக வருவதற்கு ஒரு பவளத்திட்டை விலையாகக் கொடுக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திட்டை நம்பித்தான் அதே மீனவக் குடும்பங்களின் மீன் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் வெயில். 2013 வாக்கில் ராமநாதபுரம் கரையின் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் டன்னைத் தாண்டிக் காய்ந்த பாசி. அடுத்து வந்த கோடையில் கடல்நீர் சூடேறியது. பாசியின் கிளைகள் வெளுத்து, இளகி, முறிந்து விழுந்தன. மிதவை மிதவையாகப் போயிற்று. விதைக்குக்கூட 60 கிலோ மிஞ்சாத நிலை. உற்பத்தி மளமளவென்று சரிந்து, பழைய அளவை எட்ட முடியாமல் பல ஆண்டுகள் கிடந்தது. முதலில் சொன்ன பரம்பரை விஷயம் இங்கேதான் கடித்தது. எல்லாமே சில செடிகளின் ஒடிதுண்டுகள் என்றால், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும், ஒன்று தாங்காத சூட்டை எதுவும் தாங்காது. மூங்கில் வாங்கிய கடனோடு பெண்கள் மறுபடி கண்ணாடி மாட்டிக்கொண்டு காட்டுப்பாசிக்கு மூழ்கப் போனார்கள்.

இப்போது மண்டபம் நிலையத்தின் ஆய்வாளர்கள் பாசியைத் திசு வளர்ப்பில் புதுப்பித்து நாற்றுகள் கொடுக்கிறார்கள். பழைய விதையைவிட வேகமாக வளர்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்ச் செலவில் கடற்பாசிப் பூங்கா எழுகிறது. நாற்று, ஆய்வகம், பதப்படுத்தல், பயிற்சி எல்லாம் ஓரிடத்தில் என்பது திட்டம். அந்தத் திட்டத்தில் நான் தேடுவது வேறொன்று. பெண்களுக்கு இன்றும் பணம் பாசியின் எடைக்குத்தான் கிடைக்கிறது. சாறு புட்டியில் ஏறியபின் பிறக்கும் மதிப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. பூங்காவுக்குள் அரைக்கும் இயந்திரம் ஒன்றைச் சுயஉதவிக் குழுக்களின் பெயரிலேயே வைத்து, ஈரப்பாசியைப் பிழிந்து சாற்றையும் சக்கையையும் தனித்தனியாக அவர்களே விற்கும்படி செய்யலாம். பிழிவதும் வடிகட்டுவதும் கிராமத்து எண்ணெய்ச் செக்கைவிடப் பெரிய வித்தை இல்லை. தரச் சோதனைக்குப் பக்கத்திலேயே அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அந்தப் பெண்கள் தலைமுறையாகப் பறித்த கஞ்சிப்பாசி, தாவரவியல் பெயர் கிராசிலேரியா எடுலிஸ், இந்தக் கடலின் சொந்தப் பிள்ளை. தீவுக்குத் தப்பிப் போனால் அது தன் வீட்டுக்குத்தான் போகிறது. அதையும் மிதவையில் கட்டி வளர்க்க முடியும் என்று மண்டபத்தில் காட்டியிருக்கிறார்கள். அதன் சாற்றைக் கப்பாபைகஸ் சாற்றோடு அக்கம்பக்கப் பாத்திகளில் தெளித்து நெல்லிலும் மக்காச்சோளத்திலும் பயறிலும் ஒப்பிட்ட சோதனைகள் நாட்டின் பல மூலைகளில் நடந்தன. பல பயிர்களில் அது அருகருகே வந்து நின்றது. வளர்ச்சி கப்பாபைகஸ் அளவுக்கு வேகமில்லை. சாம்பல் சத்தும் குறைவு. வியாபாரக் கணக்கில் அது இரண்டாம் இடம். மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், கப்பாபைகஸுக்கு அனுமதி இல்லாத ஊர்களில், கஞ்சிப்பாசி மிதவைகளுக்குக் கடன் கொடுப்பதும், அதன் சாற்றுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் தனிப் பதிவு வாங்கிக் கொடுப்பதும் அடுத்த வேலை. பதிவுக்கு வேண்டிய வயல்சோதனையை ஒரு போகத்தில் முடித்துவிடலாம். பரமக்குடி, கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் தொடங்கலாம். மண்டபத்திலிருந்து அவை அதிகத் தூரமில்லை.